தாய்லாந்தா, ஜப்பானா, வியட்நாமா? பல இடங்களில் ஆங்கிலம் கற்பிக்கப் போகிறவர்கள் முதலில் பார்க்க வேண்டியது

குடியாத்தம், ஆற்காடு, வாலாஜா, காட்பாடி பக்கம் பி.எட். முடித்துத் தனியார் பள்ளியில் சில வருடம் ஆங்கிலம் எடுத்தவர்கள் இப்போது நிறையப் பேர் வெளிநாட்டுப் பக்கம் பார்க்கிறார்கள். அவர்கள் கேட்பது ஏறக்குறைய ஒரே கேள்விதான். தாய்லாந்தில் ஒரு ஏஜென்சி கூப்பிடுகிறது, வாரத்தில் மூன்று பள்ளிக்குப் போக வேண்டுமாம். வியட்நாமில் ஒரு மொழி மையம், நகரம் முழுக்கக் கிளை. ஜப்பானில் ஒரு நிறுவனம், பகலில் அரசுப் பள்ளி, மாலையில் வேண்டுமானால் வேறு இடத்தில் வகுப்பு எடுத்துக்கொள்ளலாம் என்று வாய்மொழியாகச் சொல்கிறது. எதற்குப் போவது?

எல்லோரும் சம்பளத்தை ரூபாயில் பெருக்கிப் பார்த்துதான் ஒப்பிடுகிறார்கள். நான் அந்தக் கணக்கைக் கடைசியில் போடச் சொல்வேன். ஒர்க் பெர்மிட் உங்கள் பெயரில் வந்தாலும், எங்கே வேண்டுமானாலும் பாடம் எடுக்கும் உரிமையை அது தராது. இன்ன முதலாளியிடம், இன்ன வேலைக்கு என்று எழுதியிருப்பதுதான் அதன் எல்லை. ஒரே முதலாளி உங்களை நாலு பள்ளிக்கு அனுப்புவது ஒரு கதை, நீங்களாக இரண்டு முதலாளியிடம் வேலை செய்வது முற்றிலும் வேறு கதை. இரண்டையும் "பல இடத்தில் வேலை" என்று ஒன்றாகச் சேர்த்துப் பேசும் ஏஜென்ட்டிடம் கவனமாக இருங்கள். மாட்டினால் அபராதம் கட்டி ஊருக்குத் திரும்புவது ஏஜென்ட் அல்ல, நீங்கள்.

## எதை வைத்து ஒப்பிடுவது

முதலில், அதே முதலாளி உங்களை இன்னொரு கட்டடத்துக்கோ இன்னொரு ஊருக்கோ அனுப்பினால் புதிதாக ஏதாவது எழுதிக் கொடுக்க வேண்டுமா. அடுத்து, வெளியே இன்னொருவரிடம் வகுப்பு எடுக்க சட்டப்படி வழி இருக்கிறதா. மூன்றாவது, என்னைக் கேட்டால் இதுதான் ரொம்ப முக்கியம்: வேலை பிடிக்கவில்லை என்றால் அந்த நாட்டை விட்டு வெளியேறாமல் முதலாளியை மாற்ற முடியுமா. மாற்ற முடியாத இடத்தில் உங்களுக்குப் பேரம் பேசும் பலமே இல்லை, மூன்று பள்ளியை ஐந்து பள்ளியாக்கினாலும் தலையாட்டத்தான் வேண்டும். அப்புறம் தமிழ்நாட்டுப் பட்டமும் படிப்பும் அங்கே செல்லுமா என்பது. கடைசியாக, விமானம் ஏறுவதற்கு முன்பே ஆகும் செலவு.

| | தாய்லாந்து (பள்ளி நேரடி நியமனம்) | தாய்லாந்து (ஏஜென்சி வழி) | ஜப்பான் | வியட்நாம் |
|---|---|---|---|---|
| அதே முதலாளி, வேறு இடம் | அந்த நிலை பெரும்பாலும் வராது | வரும், காகிதத்தில் யார் பெயர் என்பதைப் பார்க்க வேண்டும் | அதே வகை வேலை என்றால் சிக்கல் இல்லை | எல்லா இடமும் விண்ணப்பத்தில் இருக்க வேண்டும் |
| இரண்டாவது முதலாளி | பெர்மிட்டில் சேர்க்க வேண்டும் | பெர்மிட்டில் சேர்க்க வேண்டும் | விசா வகை மாறினால் முன் அனுமதி | தனி பெர்மிட் |
| முதலாளி மாற்றம் | கடினம் | கடினம் | எளிது | புதிதாகத் தொடங்க வேண்டும் |
| நமக்குள்ள தடை | ஆங்கிலத் தேர்வு மதிப்பெண் | அதேதான் | 12 ஆண்டு ஆங்கிலவழிக் கல்வி | மொழித்திறன், கற்பித்தல் சான்றுகள் |

## தாய்லாந்து, பள்ளியே நேரடியாக எடுத்தால்

நம்மூர் பி.எட். காரர்களுக்கு மிகவும் பொருந்துவது இது. பள்ளி கொடுக்கும் காகிதங்களை வைத்து நான்-இமிக்ரண்ட் பி எனப்படும் வேலைக்கான விசா எடுக்க வேண்டும், விண்ணப்பம் ஆன்லைனில்தான். அங்கே போய்ச் சேர்ந்ததும் பள்ளி உங்களுக்கு ஒர்க் பெர்மிட் வாங்கும். பள்ளி ஆசிரியர் என்றால் குருசபா எனப்படும் அந்நாட்டு ஆசிரியர் மன்றத்தின் உரிமமும் வேண்டும். உரிமம் இல்லாதவர்களுக்குப் பள்ளி கேட்டு 2 ஆண்டுக்குத் தற்காலிக அனுமதி வாங்கித் தரும். பி.எட். இருப்பவர்களுக்கு முழு உரிமத்தை நோக்கிப் போகும் பாதை, வெறும் பி.ஏ. வைத்திருப்பவரை விடச் சுலபம். ஆங்கிலம் தாய்மொழி அல்லாதவர் என்பதால் டோயிக் தேர்வில் குறைந்தது 600 அல்லது அதற்குச் சமமான மதிப்பெண் கேட்பார்கள். அதை இங்கேயே எழுதிவிட்டுப் போவது நல்லது.

மறைமுகச் செலவு எங்கே வருகிறது என்றால், விசா, ஒர்க் பெர்மிட், குருசபா அனுமதி மூன்றும் ஒன்றோடொன்று பிணைந்தவை. வேலை முடியும் நாளோடு, அந்த வேலையைக் காட்டி வாங்கிய தங்கும் அனுமதியும் முடிகிறது. கல்வியாண்டு நடுவில் பள்ளியை விட்டால் அடுத்த பள்ளி எல்லாக் காகிதத்தையும் மறுபடி தொடங்க வேண்டும், பல நேரம் நீங்கள் நாட்டை விட்டு வெளியே போய்ப் புது விசாவோடு வர வேண்டும். அந்த டிக்கெட் செலவு யாருடையது என்று ஒப்பந்தத்தில் இருக்காது, அதாவது உங்களுடையது. இது தவிர 90 நாளுக்கு ஒருமுறை குடியேற்ற அலுவலகத்துக்கு இருப்பிடம் தெரிவிக்க வேண்டும்.

ஒரே வளாகம், ஒரே பள்ளி, குடும்பத்தைப் பின்னால் அழைத்துக்கொள்ளும் எண்ணம், பி.எட். கையில் இருக்கிறது. இப்படிப்பட்டவர்கள் மற்றதையெல்லாம் யோசிக்காமல் இதற்குப் போகலாம்.

## தாய்லாந்து, ஏஜென்சி வழியாகப் போனால்

இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நம் பக்கத்துப் பிள்ளைகளுக்கு வரும் அழைப்புகளில் பெரும்பகுதி இந்த வகைதான், சிக்கலும் இங்கேதான்.

ஏஜென்சி உங்களைத் தன் ஊழியராக எடுத்துக்கொண்டு, திங்கள் ஒரு பள்ளி, செவ்வாய் இன்னொரு பள்ளி என்று அனுப்பும். தாய்லாந்துச் சட்டம் முன்பெல்லாம் பெர்மிட்டில் எழுதிய இடத்தை விட்டு வெளியே வேலை செய்வதையே குற்றமாகப் பார்த்தது. வெளிநாட்டினர் வேலை தொடர்பான 2017 அவசரச் சட்டத்தை 2018இல் திருத்தியபோது இந்த இடக் கட்டுப்பாட்டைத் தளர்த்தினார்கள். இது உண்மை, ஏஜென்ட்டுகளும் இதைச் சொல்லித்தான் "இப்போது எங்கே வேண்டுமானாலும் எடுக்கலாம்" என்கிறார்கள். ஆனால் பாதியைத்தான் சொல்கிறார்கள். யார் முதலாளி, எங்கே, என்ன வேலை என்பதை வேலை தொடங்கிய 15 நாளுக்குள் வேலைவாய்ப்புத் துறைப் பதிவாளருக்குத் தெரிவிக்கும் கடமை அதே திருத்தத்தில்தான் வந்தது. முதலாளி மாறினால் மறுபடி தெரிவிக்க வேண்டும். பெர்மிட்டே இல்லாமலோ பெர்மிட் தந்த உரிமையைத் தாண்டியோ வேலை செய்து பிடிபட்டால் ஆசிரியருக்கு 5,000 முதல் 50,000 பாட் வரை அபராதம், நாடு கடத்தல், அப்புறம் 2 ஆண்டு வரை புது பெர்மிட் கிடையாது. முதலாளிக்கும் அபராதம் உண்டு, ஒரு ஆளுக்கு 10,000 முதல் 100,000 பாட் வரை. அவர் அதைக் கட்டிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிடுவார்.

இன்னொரு முடிச்சு குருசபா. தற்காலிக அனுமதியைக் கேட்டு வாங்குவது பள்ளி. அதனால் ஒர்க் பெர்மிட்டில் ஏஜென்சி பெயர், குருசபா காகிதத்தில் முதல் பள்ளியின் பெயர், நீங்கள் வியாழக்கிழமை நிற்பதோ மூன்றாவது பள்ளியில் என்ற நிலை வரலாம். அன்றைக்கு ஆய்வுக்கு வந்தால் விளக்கம் சொல்ல வேண்டிய ஆள் நீங்கள். அதனால் ஏஜென்சியிடம் கேட்க வேண்டியது சம்பளம் எவ்வளவு என்பதை விட, நான் போகப்போகும் ஒவ்வொரு பள்ளியின் பெயரும் எந்தக் காகிதத்தில் இருக்கும் என்பதுதான். இதற்கு எழுத்தில் பதில் வராவிட்டால் அந்த வேலையை விட்டுவிடலாம்.

பயணச் செலவையும் சேருங்கள். பள்ளிக்குப் பள்ளி போகும் நேரத்துக்குச் சம்பளம் உண்டா, பைக் பெட்ரோல் யாருடையது, பள்ளி விடுமுறை மாதங்களில் முழுச் சம்பளமா, பாதியா. பத்து மாத ஒப்பந்தமாகப் போட்டுவிட்டு மாதச் சம்பளத்தை மட்டும் பெரிதாகக் காட்டுவது சாதாரணமாக நடக்கிறது.

இவ்வளவு சொன்னாலும் ஏஜென்சி வேண்டவே வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். அனுபவம் குறைவானவர்களுக்கு நேரடியாகப் பள்ளி கிடைப்பது கடினம். காகிதத்தை ஒழுங்காகச் செய்யும் ஏஜென்சியில் ஒரு வருடம் இருந்து, அங்கே உள்ளூரில் பள்ளிகளைப் பார்த்து, கல்வியாண்டு முடிவில் முறையாக மாறுவது நல்ல திட்டம்தான். முறையாக என்பதை அழுத்திச் சொல்கிறேன்.

ஏஜென்சிக்குப் பதில் மொழி மையத்தில் சேர்ந்தால் குருசபா தேவையில்லை, அது ஒரு வசதி. ஆனால் வகுப்புகள் மாலையிலும் சனி ஞாயிறிலும்தான் நடக்கும்.

## ஜப்பான்

இங்கே அமைப்பே வேறு. ஜப்பான் உங்களுக்குத் தருவது ஒரு முதலாளியோடு ஒட்டிய பெர்மிட் அல்ல, தங்கும் தகுதி. தொடக்கப் பள்ளி முதல் மேல்நிலை வரை கற்பித்தால் 'கல்வி' என்ற வகை. தனியார் ஆங்கிலப் பேச்சு மையங்களில் கற்பித்தால் பொறியியல், மானுட அறிவு, பன்னாட்டுச் சேவை என்று சேர்த்து வைத்திருக்கும் வகை. பல்கலைக்கழகம் என்றால் 'பேராசிரியர்' வகை. 5 ஆண்டு, 3 ஆண்டு, 1 ஆண்டு, 3 மாதம் என்று கால அளவு தருவார்கள், புதிதாகப் போகிறவர்களுக்குப் பெரும்பாலும் 1 ஆண்டு.

இதனால் கிடைக்கும் லாபம் பெரியது. ஒரு நகராட்சிக்கு உதவி ஆசிரியர்களை அனுப்பும் நிறுவனத்தில் சேர்ந்து நாலு பள்ளிக்குச் சுற்றினாலும் எல்லாமே 'கல்வி' வகைக்குள் அடங்கும். அந்த நிறுவனம் பிடிக்கவில்லை, வேறு நிறுவனம் அல்லது நகராட்சி நேரடியாக எடுக்கிறது என்றால் அதே வகைக்குள் மாறலாம், விசாவை மறுபடி எடுக்க வேண்டியதில்லை. 14 நாளுக்குள் குடியேற்றத் துறைக்குத் தெரிவித்தால் போதும். நம் ஊரில் பள்ளி மாறுவது போலவே கிட்டத்தட்ட. தாய்லாந்தில் ஒரு மோசமான முதலாளியிடம் மாட்டிக்கொண்டு கல்வியாண்டு முழுவதும் பல்லைக் கடித்துக்கொண்டிருப்பவர்களை நினைத்தால் இந்த ஒரு விதிக்காகவே ஜப்பானை நான் மேலே வைப்பேன்.

ஆனால் மாலையில் ஆங்கிலப் பேச்சு மையத்தில் வகுப்பு எடுக்கிறேன் என்றால், அது வேறு வகை. அதற்குத் தகுதிக்கு வெளியே வேலை செய்யும் அனுமதியை முன்கூட்டியே வாங்க வேண்டும். வாங்கினால் தங்கும் அட்டையின் பின்பக்கத்தில் பதிவாகும். தலைகீழாகவும் அப்படித்தான், மையத்தில் இருப்பவர் பகலில் பள்ளியில் எடுக்கவும் அனுமதி வேண்டும். "வாரத்தில் இரண்டு மணி நேரம்தானே" என்று நிறுவனத்தில் யாராவது சொன்னால் நம்பாதீர்கள். கண்டுபிடித்தால் புதுப்பிக்கும்போது அடி விழும், மோசமானால் வெளியேற்றம் வரை போகும். இன்னொன்று, வேலையை விட்டுவிட்டு நியாயமான காரணம் இல்லாமல் 3 மாதம் அந்தத் தகுதிக்குரிய வேலையே செய்யாமல் இருந்தால் தகுதியை ரத்து செய்ய இடமிருக்கிறது.

சரி, நமக்குத் தடை எங்கே? பள்ளி உதவி ஆசிரியராகப் போக, கற்பிக்கும் மொழியிலேயே 12 ஆண்டு படித்திருக்க வேண்டும். வேலூர் பக்கத்து அணைக்கட்டிலோ ஒடுகத்தூரிலோ அரசுப் பள்ளியில் தமிழ்வழியில் பிளஸ் டூ வரை படித்துவிட்டு, கல்லூரியில் ஆங்கில இலக்கியம் எடுத்து, இன்றைக்கு அருமையாகப் பாடம் நடத்துகிறவர்கள் எத்தனையோ பேர் இருக்கிறார்கள். பட்டப்படிப்பும் பி.எட்.டும் முதுகலையும் சேர்த்தாலும் 12 ஆண்டு வராது. எனக்கு இது நியாயமாகப் படவில்லை, ஆனால் விதி அப்படித்தான், ஏஜென்ட்டிடம் பணம் கட்டிய பிறகு தெரிந்துகொள்வதை விட இப்போதே தெரிந்துகொள்ளுங்கள். ஆங்கிலவழியில் படித்தவர்கள் பள்ளியிலிருந்து பயிற்றுமொழிச் சான்றிதழை முதலில் வாங்கிவிடுங்கள், சில பழைய பள்ளிகள் மூடப்பட்டுவிட்டால் அலைய வேண்டியிருக்கும்.

மறைமுகச் செலவுகள்: அனுப்பும் சிறிய நிறுவனங்கள் சில, வார வேலை நேரத்தை 30 மணிக்குச் சற்றுக் கீழே வைத்து ஒப்பந்தம் போடும். அப்போது நிறுவனக் காப்பீடு இல்லாமல், நீங்களே தேசிய மருத்துவக் காப்பீட்டையும் ஓய்வூதியத்தையும் கட்ட வேண்டிவரும். ஆகஸ்ட் விடுமுறை மாதச் சம்பளம் குறையும். கிராமப்புறப் பள்ளிகளுக்குச் சொந்தக் கார் கேட்பார்கள். வீட்டுக்கு முன்பணம், நம் அட்வான்ஸைப் போல் அல்லாமல், வீட்டுக்காரரிடம் கொடுத்தால் திரும்பி வராத சாவிப் பணம், முதல் சம்பளம் வரும் வரை சாப்பாடு. கையில் தொகை இல்லாமல் கிளம்ப முடியாது. கடன் வாங்கிப் போகிறவர்கள் இந்த வரியைத் திரும்பப் படியுங்கள்.

## வியட்நாம்

பல கிளைகள் உள்ள மொழி மையம், அவற்றில் சில அரசுப் பள்ளிகளோடு ஒப்பந்தம் செய்து அங்கேயும் ஆசிரியரை அனுப்பும். ஒர்க் பெர்மிட் அதிகபட்சம் 2 ஆண்டு, ஒருமுறை நீட்டிக்கலாம். 2023இல் வந்த திருத்தம், ஆள் பல இடத்தில் வேலை செய்வார் என்றால் அந்த இடங்கள் எல்லாவற்றையும் விண்ணப்பத்தில் எழுதச் சொன்னது. 2025 ஆகஸ்டில் புது ஆணை வந்தது, வேறு மாகாணத்துக்கு அனுப்புவதாக இருந்தால் முதலாளி அங்குள்ள அதிகாரிகளுக்கு முன்கூட்டியே தெரிவிக்க வேண்டும். ஆக ஒரே மையத்தின் கிளைகளுக்குள் சுற்றுவது சட்டத்துக்கு உட்பட்டதுதான், எழுதியிருந்தால்.

இரண்டாவது மையத்தில் மணிக்கணக்கில் வகுப்பு எடுப்பது அங்கே சர்வ சாதாரணமாக நடக்கிறது என்று போனவர்கள் சொல்வார்கள். நடக்கிறது என்பதால் அனுமதி இருக்கிறது என்று அர்த்தமில்லை. அந்த இரண்டாவது முதலாளியும் உங்களுக்குத் தனியாகப் பெர்மிட் வாங்கியிருக்க வேண்டும். பெர்மிட் இல்லாமல் வேலை செய்தால் 1.5 கோடி முதல் 2.5 கோடி டாங் வரை அபராதம், நாட்டை விட்டு அனுப்பவும் செய்யலாம்.

ஆங்கிலம் தாய்மொழி அல்லாதவர் என்பதால் பட்டத்தோடு உயர்நிலை மொழித்திறன் சான்றும், டெசோல் போன்ற கற்பித்தல் சான்றும் எதிர்பார்ப்பார்கள். தமிழ்வழி, ஆங்கிலவழி என்ற பாகுபாடு இங்கே இல்லை. ஜப்பான் கதவு மூடியவர்களுக்கு, அதுவும் வயது குறைந்த, குடும்பப் பொறுப்பு இல்லாத, மாலை வேலை பரவாயில்லை என்பவர்களுக்கு இது நல்ல வழி. நகரத்துக்கு நகரம் மாறிக்கொண்டே இருக்க நினைப்பவர்களுக்கு நல்ல வழி அல்ல.

கொரியாவைப் பற்றியும் கேட்கிறார்கள். அந்நாட்டு இ-2 ஆசிரியர் விசா பொதுவாக அமெரிக்கா, பிரிட்டன் உள்ளிட்ட 7 ஆங்கில நாட்டினருக்கு மட்டும். 2010 முதல் நடப்பில் உள்ள இந்தியா-கொரியா வர்த்தக ஒப்பந்தத்தில், ஆங்கிலப் பாடத்தில் ஆசிரியர் தகுதி பெற்ற இந்தியர்களுக்குப் பள்ளி உதவி ஆசிரியராக ஒரு சிறு வாசல் உண்டு. தனியார் டியூஷன் மையங்களுக்கு அது செல்லாது. டியூஷன் மையத்தில் சேர்த்துவிடுகிறேன் என்று இந்தியரிடம் யாராவது பணம் கேட்டால் அங்கேயே எழுந்து வந்துவிடுங்கள்.

## நம் ஊரிலேயே ஆகும் செலவு

இதை யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை. திருவள்ளுவர் பல்கலைக்கழகப் பட்டம், அதற்கு முந்தைய தலைமுறை என்றால் சென்னைப் பல்கலைக்கழகப் பட்டம், பி.எட். தமிழ்நாடு ஆசிரியர் கல்வியியல் பல்கலைக்கழகம். மூன்று சான்றிதழ் என்றால் மூன்றுக்கும் மாநில அரசின் சரிபார்ப்பு, அப்புறம் வெளியுறவு அமைச்சகம், அப்புறம் தாய்லாந்து, வியட்நாம் என்றால் அந்த நாட்டுத் தூதரகம் (ஜப்பானுக்கு வெளியுறவு அமைச்சகத்தின் முத்திரையோடு போதும்). தாய்லாந்துக்குச் சென்னையில் துணைத் தூதரகம் இருக்கிறது, ஜப்பானுக்கும் இருக்கிறது. வியட்நாம் காகிதங்கள் டெல்லிக்கோ மும்பைக்கோ போய்வர வேண்டும். தற்காலிகச் சான்றிதழை மட்டும் வைத்துக்கொண்டு விண்ணப்பிக்காதீர்கள், பட்டமளிப்புச் சான்றிதழை முதலில் வாங்குங்கள்.

அடுத்தது பெயர். நம் சான்றிதழில் முதலெழுத்து மட்டும் இருக்கும், பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் விரிவாக இருக்கும். வெளிநாட்டு அலுவலருக்கு இரண்டும் இரண்டு ஆளாகத் தெரியும். இரண்டு பெயரும் ஒருவரே என்ற உறுதிமொழிப் பத்திரத்தை நோட்டரியிடம் வாங்கி, அதையும் மற்றதோடு சேர்த்துச் சான்றொப்பம் செய்துவிடுங்கள். போலீஸ் நன்னடத்தைச் சான்றுக்கு விண்ணப்பிக்கும்போதும் பாருங்கள்: 2019இல் மாவட்டம் பிரிந்த பிறகு ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி எல்லாம் வேலூர் மாவட்டத்தில் இல்லை. பழைய பாஸ்போர்ட்டில் வேலூர் என்று இருந்தாலும் இப்போதைய மாவட்டத்தையும் காவல் நிலையத்தையும் சரியாகக் கொடுத்தால்தான் விசாரணை தாமதமாகாது.

ஏஜென்ட் கட்டணத்துக்கு இந்தியாவில் உச்சவரம்பு உண்டு. அரசிடம் பதிவு பெற்ற ஆட்சேர்ப்பு முகவர் உங்களிடம் 30,000 ரூபாயும் அதற்கான ஜிஎஸ்டியும்தான் வாங்கலாம். வெளியுறவு அமைச்சகத்தின் இ-மைகிரேட் தளத்தில் பெயரைத் தேடினால் பதிவு இருக்கிறதா என்று தெரிந்துவிடும். லட்சக்கணக்கில் கேட்பவர் எந்தப் பட்டியலில் இருக்கிறார் என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

## யார் எதற்கு

ஆங்கிலவழியில் படித்தவர், கையில் கொஞ்சம் சேமிப்பு, பல பள்ளிகளுக்குச் சுற்றுவதில் தயக்கமில்லை: ஜப்பான். முதலாளி மாறும் சுதந்திரம் வேறெங்கும் இவ்வளவு இல்லை. தமிழ்வழியில் படித்து பி.எட். முடித்தவர், நிலையான பள்ளி வாழ்க்கை வேண்டும்: தாய்லாந்தில் நேரடி நியமனம், கொஞ்சம் காத்திருந்தாலும் பரவாயில்லை. அனுபவம் ஓராண்டு இரண்டாண்டுதான் என்றால் தாய்லாந்து ஏஜென்சி அல்லது வியட்நாம் மையம். இந்த இரண்டில் உங்கள் பள்ளிகளின் பெயரை எழுத்தில் தருபவரைத் தேர்ந்தெடுங்கள், சம்பளம் சற்றுக் குறைந்தாலும்.

தாய்லாந்துக்கு இந்தியர் சுற்றுலாவாக எளிதில் நுழையலாம் என்பதால், "முதலில் வாருங்கள், வந்த பிறகு பெர்மிட் போடலாம்" என்று அழைப்பவர்கள் அதிகமாகிவிட்டார்கள். இதற்கு எந்த விலக்கும் வேண்டாம். சுற்றுலாவாக நுழைந்து ஒரு நாள் வகுப்பு எடுத்தாலும் சட்டவிரோதம். தாய்லாந்தில் வேலை என்று அழைக்கப்பட்டு, எல்லை தாண்டி மியான்மரின் மியாவாடியில் இணைய மோசடி முகாம்களில் அடைக்கப்பட்டவர்களில் தமிழ்நாட்டுப் பிள்ளைகளும் இருந்தார்கள். பள்ளியின் பெயர், முகவரி, தொலைபேசி மூன்றையும் கேளுங்கள், பள்ளிக்கு நீங்களே அழைத்து அப்படி ஒரு பணியிடம் இருக்கிறதா என்று விசாரியுங்கள். பி விசா கைக்கு வருவதற்கு முன் பள்ளி வேலையை ராஜினாமா செய்யாதீர்கள், டிக்கெட்டும் போடாதீர்கள்.